வான்கோழிக்குப் போனவர் காளானோடு வருகிறார்

[காட்சி: விடியாத ஓக் காடு. மேட்டின் மேலிருந்து வான்கோழிச் சேவலின் குரல்.]

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை வசந்தகால வான்கோழி வேட்டை தொடங்கும். மூன்று வாரம். மோரல் என்ற உண்ணக்கூடிய காட்டுக் காளான் முளைப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில், அதே சரிவுகளில்தான். அதனால் துப்பாக்கி எடுத்துப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு வலைப்பையையும் மடித்து வைத்துக்கொள்வார். சேவல் ஏமாற்றும் நாள்தான் அதிகம். அன்றைக்கு மானத்தைக் காப்பது காளான்.

இமாச்சலத்தில் ‘குச்சி’ (gucchi) என்ற பெயரில் விற்கிறார்களே, கிலோ ஆயிரக்கணக்கில், அதுவும் மோரல் குடும்பம்தான்.

[காட்சி: பட்டை கழன்று தொங்கும் எல்ம் மரம்.]

முதலில் தரையைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். எல்ம் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் உண்டு. பட்டை வண்டுகள் பரப்புவது. அதில் செத்து, பட்டை இப்போதுதான் கழல ஆரம்பித்திருக்கும் மரத்தடியில் மோரல் வர வாய்ப்பு அதிகம். பட்டையெல்லாம் உதிர்ந்து எலும்பாய் நிற்கும் மரத்தை விட்டுவிடலாம். மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, வெயில் படும் தெற்குச் சரிவில் முதலில் தலைகாட்டும். வடக்குச் சரிவின் முறை பிறகு. ஓக் துளிர் அணில் காது அளவு ஆனால் கிளம்பலாம் என்பது ஊர்க் கணக்கு.

ஒன்று கண்ணில் பட்டதா? நகராதீர்கள். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். காய்ந்த இலையும் காளானும் ஒரே பழுப்பு. நின்றபடி பார்த்தால் தெரியாத நாலைந்து, உட்கார்ந்ததும் தெரியும்.

[காட்சி: நெடுக இரண்டாகப் பிளந்த காளான்.]

சரி, இது மோரல்தானா? தொப்பியில் தேன்கூடு போலக் குழிகள். நெடுக வெட்டினால் நுனியிலிருந்து அடிவரை ஒரே பொந்து. போலி மோரலின் தொப்பி மூளை போலச் சுருண்டிருக்கும், உள்ளே பஞ்சு போல அடைத்திருக்கும். அதன் நஞ்சு உடம்புக்குள் போய் மாறும் பொருள், ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் ரசாயனம். சந்தேகம் வந்தால் தூக்கி எறியுங்கள்.

அசல் மோரலையும் பச்சையாகத் தின்னக்கூடாது. 2023-இல் மொன்டானா மாநிலம் போஸ்மனில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலோடு தொடர்புடைய நோயில் 51 பேர் படுத்தார்கள், 2 பேர் இறந்தார்கள். நன்றாக வெந்த பிறகும், முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

[காட்சி: மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரர். கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிறார்.]

எனக்குக் காளானை விட இதுதான் பெரிய கவலை. வான்கோழிக்குக் கண் கூர்மை, ஆகவே வேட்டைக்காரர் தலை முதல் கால் வரை இலைதழை நிறத்தில் மறைந்து, பெட்டையின் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் கேட்கும் பெட்டைக் குரல் பெட்டையுடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. குரலை நோக்கிப் போகாதீர்கள். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கும். அந்த நிறங்களில் தொப்பியோ கைக்குட்டையோ வேண்டாம், சேவல் என்று நினைத்துச் சுட்டுவிடலாம். பளிச்சென்ற ஆரஞ்சு போடுங்கள், பேசிக்கொண்டே நடங்கள். பொதுக் காடுகளில் மதியம் 1 மணிக்கு மேல் வான்கோழியைச் சுடக் கூடாது. நான் சொல்வேன், காளானுக்கு அதற்கப்புறம் போங்கள். காலையில் வேட்டையாடியவரும் காளான் தேட எழுந்தால் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, ஆரஞ்சுக்கு மாறட்டும்.

[காட்சி: காலுறையில் ஊரும் உண்ணி. முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி.]

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போகும் முன் உடம்பில் உண்ணி தேடுங்கள். இந்தப் புள்ளிக்காரி கடித்தால் சிலருக்கு மாடு, பன்றி, ஆடு எல்லாமே ஒவ்வாமல் போய்விடும். பறவை இறைச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. வான்கோழி மட்டும் கிடைத்திருந்தால், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.