கிளைடரைக் காட்டுல (விவசாய நிலத்துல) இறக்கணும்னா எந்த உயரத்துல முடிவெடுக்கணும்?

[காட்சி: காங்கேயத்துக்கு மேலே. வேரியோமீட்டர் (ஏறுற, இறங்குற வேகத்தைக் காட்டுற கருவி) முள் பூஜ்யத்துக்குக் கீழே.]

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. தெர்மல், அதாவது சூடாகி மேலே எழும்புற காத்து, கிடைக்கலைன்னா கீழே ஏதோ ஒரு காட்டுல இறங்கித்தான் ஆகணும். அதுக்குப் பயிற்சியே இருக்கு. அடிபடறது பெரும்பாலும் முடிவைத் தள்ளிப்போடறதாலதான்.

கணக்கைப் பாருங்க. ஏஎஸ்கே 21 பயிற்சி கிளைடர் ஒரு மீட்டர் இறங்குறதுக்குள்ள 34 மீட்டர் முன்னால போகும். அப்படின்னா 1,000 அடியில, அதாவது 300 மீட்டர்ல, பத்து கிலோமீட்டர் கைவசம் இருக்குன்னு தோணும். ஆனா தெர்மலுக்கு வெளியே காத்து கீழே இறங்கும். நொடிக்கு 2 மீட்டர் இறங்குற காத்துல 90 கிலோமீட்டர் வேகத்துல போனா, அந்தப் பத்து மூணுக்கும் கீழே வந்துரும்.

அதனால 2,000 அடியிலயே இறங்கத் தோதான பக்கமாத் திரும்புங்க. பொள்ளாச்சி, உடுமலை தென்னந்தோப்புக்கு மேலே இருந்தா இன்னும் முன்னாடியே. 1,500-ல காட்டைக் குறிச்சுருங்க. 1,000-ல தெர்மல் தேடறதை விட்டுருங்க. இதெல்லாம் தரையிலிருந்து கணக்கு. ஈரோட்டிலிருந்து கோவைப் பக்கம் வந்தா நிலம் 700 அடி ஏறுது, உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் அதைச் சொல்லாது.

[காட்சி: மேலேயிருந்து கொறங்காடு.]

கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், மேலேயிருந்து அழகான புல்தரையாத் தெரியும். சுத்தியிருக்கிற பச்சைக் கோடு கிளுவை வேலி, முள்ளும் தடிப்பும் கீழே வந்தாத்தான் தெரியும். நடுவுல வெள்வேல மரம் வேற. அதைவிடக் கடலை புடுங்கின நீளக் காடு மேல். ஆளுயரச் சோளம் நிக்கிற காடு வேண்டவே வேண்டாம்: ஒரு பக்க இறக்கை நுனி சோளத்தட்டுல மாட்டுனா கிளைடர் சுழண்டு, வால் ஒடியும்.

மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்க. கிணத்து மேட்டுல மோட்டார் ரூம் இருந்தா அதுக்கு ஒரு லைன் வருதுன்னே வச்சுக்கங்க.

காத்துக்குப் பல்லடம் பக்கத்துக் காத்தாடிகளை (காற்றாலைகளை) பாருங்க. சுத்திக்கிட்டிருக்கிற காத்தாடி எந்தப் பக்கம் முகம் காட்டுதோ, அந்தப் பக்கமா இறங்கணும். ஆடியில அது மேற்கு, சாயங்காலம் வெயில் நேரா கண்ணுல அடிக்கும். காடு சரிவா இருந்தா மேட்டைப் பார்த்து இறங்குங்க.

[காட்சி: கடைசித் திருப்பம், 300 அடி.]

ஆளைக் கொல்ற இடம் இதுதான். மேகாத்து (மேற்குக் காத்து) முதுகுல தள்ளறப்ப தரை வேகமா ஓடுற மாதிரி இருக்கும். வேகம் அதிகம்னு நினைச்சு மூக்கைத் தூக்குவாங்க. காட்டைத் தாண்டிருவோமோன்னு ரட்டரை (வால் சுக்கானை) அழுத்தித் திருப்புவாங்க. நேராப் பறக்கையில 65 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டால் ஆகிற (இறக்கை தூக்குற பலத்தை இழக்கிற) கிளைடர், 45 டிகிரி சாய்ஞ்சா 77-லயே ஸ்டால் ஆகும். உள்பக்க இறக்கை விழுந்து ஸ்பின் ஆனா (சுழண்டு விழ ஆரம்பிச்சா), மீட்க அந்த உயரம் பத்தாது.

உயரம் ஏற்கனவே போயிருச்சா? திரும்பாதீங்க. வேகக்காட்டியைப் பார்த்து, இறக்கையை மட்டமா வச்சு, எதிர்ல இருக்கிற காட்டுலயே இறங்குங்க. ஏர் பிரேக்கை முழுசா இழுத்து, மெதுவான வேகத்துல வேலியில மோதினாலும் பரவாயில்லை.