24 தரம் வரச் சொன்னார்கள், நான் எழும்பி வந்துவிட்டேன்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நின்றுகொண்டுதான் கதைக்கிறேன், தேத்தண்ணிக் கோப்பை குசினி மேடையில் இருக்கிறது. வழமையாகப் பார்க்கிறவர்களுக்கு இதிலேயே விளங்கியிருக்கும், நாரி இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. ஆனால் ஒரு சந்தோசம்: இன்று காலை இடது காலுக்கு நானே சொக்ஸ் போட்டேன்! ஆறு கிழமையாக மகள்தான் போட்டுவிட்டாள். கட்டில் விளிம்பில் இருந்து, காலைத் தூக்கி மற்ற முழங்காலில் வைத்து, பெருவிரலில் மாட்டிக் குதிக்கு மேலால் இழுத்தேன். வலிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வலிக்கவில்லை. உடனே கழற்றிவிட்டு இன்னொருதரம் போட்டேன்.

போன வீடியோவில் சினோ (பனி) வழிக்கிறதைக் காட்டினேன் அல்லவா? அது முடிந்த பிறகு சிற்றி வண்டி வந்து டிரைவ்வே வாசலில் ஈரச் சினோவைக் குவித்துவிட்டுப் போனது. கல்லுப் போலப் பாரம். சவளால் அள்ளி, நாரியைத் திருப்பி எறிந்தேன். அடுத்த நாள் காலை பின்பக்கத்தில் தொடங்கி, கெண்டைக்காலால் இறங்கிச் சின்னவிரல் வரைக்கும் மின்சாரம் அடித்த மாதிரி. நாரியின் அடியில் எல்5, எஸ்1 என்கிற முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது போல என்றார் குடும்ப டொக்டர்.

இனி எனக்குக் கோபம் வந்த கதை. முதலில் போன கைரோ (முள்ளந்தண்டு, மூட்டுகளுக்குக் கையால் வைத்தியம் செய்கிற கைரோபிரக்டர்) இடத்தின் பெயர் சொல்லமாட்டேன். கால் எங்கே நோகிறது என்றுகூடக் கேட்கவில்லை. "டிஸ்க் விலகிவிட்டது, உள்ளே தள்ளிவிடலாம்" என்று சொல்லி, வரவேற்பு மேசையில் 24 தரத்துக்கான பக்கேஜ் தாளை நீட்டினார்கள். ஒரு தரம் 60 டொலர், மொத்தம் 1,440 டொலர், முன்கூட்டியே! என்னுடைய வேலை இன்சூரன்ஸ் வருசத்துக்கு 500 டொலர்தான் தருகிறது. ஒஹிப்பும் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) 2004 கடைசியில் கைரோவுக்குக் கொடுக்கிறதை நிறுத்திவிட்டது. மிச்சம் 940 டொலர் யார் கட்டுகிறது? எழும்பி வந்துவிட்டேன்.

காசு ஒரு பக்கம். டிஸ்க்கை யாரும் உள்ளே தள்ள முடியாது. அது நழுவி விலகுகிற தட்டு இல்லை. வெளிவளையம் பலவீனப்பட்டு, உள்ளே இருக்கிற களி மாதிரியான பகுதி வெளியே பிதுங்குகிறது. 'கிளிக்' என்று கேட்கிற சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகிற வாயுக் குமிழியால் வருகிறது. பிதுங்கினதை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும், பலருக்கு அப்படித்தான் குறைகிறது.

இரண்டாவதாகப் போன இடம் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்த கைரோ அக்கா முதல் நாள் நாரியில் கையே வைக்கவில்லை. நிமிர்ந்து படுக்க வைத்து இடது காலை நேராகத் தூக்கினார். குதிக்கு மேலே உள்ள நாணில் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒற்றைக் காலில் நுனிவிரலில் எம்பச் சொன்னார், இடது பக்கம் எம்ப எம்பச் சோர்ந்தது. எல்லாவற்றையும் எழுதி, செய்யப் போவதையும் அதில் உள்ள ஆபத்தையும் விளக்கிக் கையெழுத்து வாங்கினார்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் முதல் அவர் கேட்டது, "சலம் போகிறது சரியா? கால்களுக்கு இடையில் மரத்திருக்கிறதா?" என்று. அந்த இடம் மரத்தால், சலம் அடைத்தால் அல்லது அடக்க முடியாமல் போனால், இரண்டு காலும் சோர்ந்தால், கைரோவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், அந்த நிமிசமே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அவர் என்னை 'கிளிக்' பண்ணவே இல்லை. குப்புறப் படுத்தால் மேசையின் கீழ்ப்பாதி மெதுவாகத் தாழ்ந்து நாரியை இழுக்கும், ஊஞ்சல் மாதிரி. வீட்டில் குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றி நெஞ்சை உயர்த்தச் சொன்னார். காலில் இருந்த நோ மேலே ஏறி நாரிக்கு வந்தால் அது நல்ல செய்தி என்றார். இரண்டாம் கிழமையே சின்னவிரலில் இருந்த நோ விட்டுவிட்டது! ஆனால் இது எல்லாருக்கும் ஒத்துவராது, சிலருக்குக் குனிகிறதுதான் சுகம்.

எம்.ஆர்.ஐ. இன்னும் எடுக்கவில்லை என்று அம்மாவுக்குத்தான் கவலை. 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், நோவே இல்லாத 40 வயதுக்காரரில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் தெரிந்தது. எனக்கு 43. கால் சோர்வு கூடினால் உடனே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முறை வரும்வரை காத்திருப்பேன்.

ஓ, கால் தூக்கிய கணக்கைச் சொல்லவில்லையே! முதல் நாள் 30 பாகையிலேயே கத்திவிட்டேன். நேற்று 65 வரைக்கும் தூக்க முடிந்தது.