ஒரு காக்காவுக்காக மூன்று ராத்திரி

வணக்கம் மக்களே. வேறு எதைப் பேசுவதற்கும் முன்னால் என் ஆண்ட்ராய்டு போனின் இந்த ஹோம் ஸ்கிரீனைப் பாருங்கள். வெளிச்சம் அடிக்கிறதா? இருங்கள், கொஞ்சம் சாய்த்துக் காட்டுகிறேன். ம், இப்போது தெரியும். ஒரு கம்பி. கம்பியின்மேல் மணி காட்டும் எண்கள். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு காக்கா. அவ்வளவுதான். இதற்கு எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

இப்போது மணி 09:51. பத்து ஆகும்வரை பேசிக்கொண்டிருக்கப் போகிறேன். பத்தாகும்போது என்ன நடக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஏன் பத்து மணி என்று கேட்கிறீர்களா, சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

போன மாதம் ஒரு சவால் எடுத்தேனே, ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 30 நாள் பயன்படுத்துவது, வால்பேப்பரைக்கூட மாற்றக் கூடாது என்று? வாரத்துக்கு இரண்டு முறை ஹோம் ஸ்கிரீனை மாற்றுகிற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அது போன வாரம் முடிந்தது. கடைசி வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இப்போதாவது புரிந்ததா ப்ரோ? போன் பயன்படுத்துவதற்குத்தான், ஜோடிப்பதற்கு இல்லை. வெட்டி வேலை." அதற்கு நிறைய லைக் வேறு. லைக் போட்டவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான், பெயரைப் பார்த்தேன். பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி, முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். அந்த 30 நாளில் எனக்குப் பிடித்தது நிறைய இருந்தது. ஆப்பை மூடுவதற்காக விரலைப் பாதி தூரம் மேலே இழுத்துவிட்டு, மனம் மாறித் திரும்ப இறக்கினால், திரையும் விரலோடு கூடவே இறங்கி வரும். தடுமாறாது. 2017இல் ஐபோன் டென் வந்து ஹோம் பட்டனைத் தூக்கியபோதே சைகைகளை அப்படித்தான் செய்தார்கள். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கும்பிடு.

இந்தப் பக்கம், ஆண்ட்ராய்டில் வெளி லாஞ்சர், அதாவது ஹோம் ஸ்கிரீனைக் காட்டும் வேறொரு ஆப், போட்டால் அந்த வழுவழுப்பு கொஞ்சம் போய்விடும். மறைக்க மாட்டேன். காரணம் இருக்கிறது. சைகை முறை வந்தபிறகு, கடைசியாகத் திறந்த ஆப்களை வரிசையாகக் காட்டும் திரை போனோடு வந்த லாஞ்சரின் கையில்தான் இருக்கிறது. நாம் போட்டிருப்பது வேறு லாஞ்சர். மேலே இழுக்கும்போது ஒன்று இன்னொன்றிடம் கைமாற்றிவிட வேண்டும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு தெரியும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பழகிவிட்டது.

ஆனால் ஐபோனில் பத்தாம் நாள் வந்தபோது கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாம் அழகாக இருக்கிறது, எதுவும் என்னுடையது மாதிரி இல்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிப்போமே, அந்த மாதிரி.

ஆ, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வீடியோவிலும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் ஏமாற்றினேன். ரிங்டோனை மாற்றினேன். ஐபோனில் சொந்த ரிங்டோன் வைக்க முன்பெல்லாம் கம்ப்யூட்டர், கராஜ்பேண்ட் என்ற இசை ஆப் என்று ஊரைச் சுற்ற வேண்டும். 2025இல் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 26இல்தான் ஃபைல்ஸ் ஆப்பில் இருக்கும் ஒலியை, 30 விநாடிக்குள் இருந்தால், நேரடியாக ரிங்டோனாக வைக்க விட்டார்கள். நான் வைத்தது எங்கள் வீட்டுக் கதவு கிறீச்சிடும் சத்தம். போன் வரும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாதத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த வாரம் அதுதான்.

இப்போது காக்கா. படம் நானே வரைந்தது, ஐபேடில் வரைந்துகொண்டிருந்தேனே, அதே படம். இடது பக்கம் ஒரு கம்பம், அதிலிருந்து போகும் கம்பி, கம்பியில் காக்கா. கம்பத்துக்கும் காக்காவுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் மணி கச்சிதமாக உட்கார வேண்டும். விட்ஜெட், அதாவது ஹோம் ஸ்கிரீனில் வைக்கும் சின்னப் பெட்டி, செய்யும் ஆப்பில் எழுத்தின் அளவு, இடம் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். அருமையாக இருந்தது. அப்போது மணி 9:40. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், 10:02. கடைசி எண் காக்காவின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

புரிகிறதா? 9:59 வரைக்கும் மூன்று எண்தான். பத்து அடித்ததும் நான்காகிவிடும். தீர்வு சுலபம்: மணியைக் காட்டும் குறியீட்டில் எச் என்ற ஆங்கில எழுத்தை ஒன்று போட்டால் 9 வரும், இரண்டு எச் போட்டால் 09 வரும். இரண்டு எச் போட்டேன், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன், தூங்கப் போய்விட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை 11:11. காக்கா ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். ஏதோ கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி நடுவில் அவ்வளவு இடைவெளி. ஏன் தெரியுமா? நிறைய ஃபான்ட்களில், அதாவது எழுத்து வடிவங்களில், 1 மட்டும் ஒல்லி. மற்ற எண்கள் எல்லாம் குண்டு. நான்கு 1 சேர்ந்தால் வரியே சுருங்கிவிடும். கணக்குப் புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு இது காலகாலமாகத் தெரிந்த விஷயம். எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும் என்பதற்காகவே எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் கொடுத்த ஃபான்ட்கள் இருக்கின்றன. இரண்டாம் ராத்திரி முழுக்க அப்படி ஒன்றைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் கால்குலேட்டர் மாதிரி இருந்தது. இருபத்தி ஏழாவதாகப் பார்த்ததுதான் இது. இந்த 7இன் வளைவைப் பாருங்கள். பார்த்தீர்களா? சரி, உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை.

மூன்றாம் ராத்திரி எதற்கு என்றால், பக்கத்து ஸ்கிரீனுக்குத் தள்ளும்போது வால்பேப்பர் மெல்ல நகரும், விட்ஜெட் வேறு வேகத்தில் நகரும். காக்கா ஒரு விநாடி அந்தரத்தில் தொங்கும். வால்பேப்பர் நகர்வதை நிறுத்த ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது செட்டிங்ஸில் நான் முதலில் பார்த்த பக்கத்திலேயேதான் இருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் பேச விரும்பவில்லை.

மணி 09:56.

இதைத்தான் வெட்டி வேலை என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் வேலை வெட்டி என்றால், அதையே ஏன் எல்லா போன் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருகின்றன? ஆண்ட்ராய்டில் 2009லேயே யார் வேண்டுமானாலும் செய்து தரும் விட்ஜெட்டை ஹோம் ஸ்கிரீனில் வைக்கலாம். ஐபோனில் ஹோம் ஸ்கிரீனுக்கு விட்ஜெட் 2020இல் வந்தது. ஐகான்களுக்கு நடுவில் காலி இடம் விட, வெறும் காலி இடம் விட, 2024 வரை காத்திருந்தோம். முதல் ஐபோன் 2007. பதினேழு வருடம்! நடுவில் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வால்பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டையே ஐகான் படமாக வைத்து, இல்லாத மாதிரி ஒரு ஐகான் செய்தார்கள். காலி இடத்துக்காக! அவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்.

அப்புறம் இந்தப் பழக்கம் ஸ்மார்ட்போனோடு வந்ததும் இல்லை. 1998இல் வந்த நோக்கியா 5110இல் முன்மூடியைக் கழற்றி வேறு நிறத்தில் மாட்டலாம். உள்ளே ஒன்றும் மாறாது, வெளியே போன் புதிது. 2024இல் வந்த, நத்திங் கம்பெனியின் சிஎம்எஃப் போன் 1இல் பின்மூடியைத் திருகு கழற்றி நாமே மாற்றலாம் என்றபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. அதே நத்திங் ஆட்கள் 2025இல் போன் 3இன் முதுகில் 489 சின்ன எல்இடிகளை வட்டமாக அடுக்கி, அதில் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட விட்டிருக்கிறார்கள். தேவையா? தேவையே இல்லை. பிடித்திருக்கிறதா? ரொம்ப.

எங்கே தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மாவே வந்து கமெண்ட்டில் சொல்லிவிடுவார். ஒரு முறை, கேட்காமலேயே, அம்மாவின் போனில் ஐகான் பேக், அதாவது எல்லா ஐகான் படங்களையும் மொத்தமாக மாற்றும் தொகுப்பு, போட்டுக் கொடுத்தேன். எல்லா ஐகானும் ஒரே வெளிர் நிறம், மெல்லிய கோடு, பார்க்கப் பிரமாதம். அடுத்த நாள் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, பச்சை போன் எங்கே போச்சு?" அவர் பெயரைப் படிப்பதே இல்லை. பச்சை என்றால் பேசுவது, சிவப்பு என்றால் வீடியோ, நீலம் என்றால் பணம் அனுப்புவது. நிறத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார். நான் அழகு என்று நினைத்து அவருடைய வழிகாட்டிப் பலகைகளை எல்லாம் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டேன். அன்றைக்கே எடுத்துவிட்டேன். இப்போது ஐபோனிலும் எல்லா ஐகானுக்கும் ஒரே சாயம் பூசலாம். அம்மாவின் கண்ணில் காட்டாதீர்கள்.

ஆனால் கேளுங்கள், அதே அம்மாதான் பேரனின் படத்தை வால்பேப்பராக வைத்துவிட்டு, "மணி அவன் முகத்தை மறைக்குது, கொஞ்சம் நகர்த்திக் கொடு" என்று என்னிடம் வந்தார். ஜோடிப்பது வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை மக்களே. அடுத்தவர் நம் போனை ஜோடித்தால்தான் வேண்டாம் என்கிறோம். கம்பெனி செய்தாலும் அப்படித்தான், நான் செய்தாலும் அப்படித்தான்.

அதனால்தான் 2021இல் ஆண்ட்ராய்டு 12 கொண்டுவந்த விஷயம் எனக்கு இன்றுவரை பிடிக்கும். வால்பேப்பரை வைத்தால் போதும், அதிலிருக்கும் நிறங்களை எடுத்து பட்டன், மெனு எல்லாவற்றுக்கும் போனே பூசிக்கொள்ளும். மூன்று ராத்திரி இல்லாதவர்களுக்கு அது போதும். சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு குட் லாக் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் ஒன் ஹேண்ட் ஆபரேஷன் பிளஸ் மட்டும் போட்டுப் பாருங்கள், திரையின் ஓரத்தில் விரலை எந்தப் பக்கம் இழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். மற்றவை தேவையென்றால் பிறகு.

அந்த வெட்டி வேலை அண்ணனுக்கு ஒன்றே ஒன்று. இந்த மூன்று ராத்திரியும் நான் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுகூட.

இருங்கள் இருங்கள், 09:59! பாருங்கள், கண் சிமிட்டாதீர்கள். காக்கா அங்கேயே இருக்கிறது... 10:00! பார்த்தீர்களா? அசையவில்லை! தலையில் ஒன்றும் ஏறவில்லை!

கீழே இருக்கும் சின்னக் கம்பியை நான் காட்டவே இல்லையே. இதோ, தேதி, தமிழில் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 28. அதன் ஓரத்தில் ஒரு சிட்டுக்குருவி, கச்சிதமாக...

ஒரு நிமிடம்.

இன்னும் நான்கு நாளில் செப்டம்பர். செப்டம்பர் என்பது எவ்வளவு நீளம்? ஐயோ. குருவிமேல் ஏறிவிடும். சரி மக்களே, எனக்கு வேலை இருக்கிறது, வைக்கிறேன்.