வளைகாப்புக்கு முன்பே ஒரு சோதனை
(யாங்கோன் தமிழ்ப் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்புக்கு நாள் பார்க்கிறோம். அதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்ற சோதனை முடிந்திருக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

2015இல் மியான்மர் முழுவதும் நடந்த ஆய்வில் 6.5 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. கண் மஞ்சளித்தால்தான் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்றிருக்கிறோம். இதுவோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக்கூட முற்றுகிறது.

பெரியவர்களைத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்குத் தானே விலகிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், நூற்றில் 90 பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க நிலைத்துவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும் என்கிறோம். இரண்டாம் மாத ஊசிவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

2015–16 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 37 சதவீதப் பிரசவங்களே மருத்துவமனை போன்ற இடங்களில் நடந்தன. தடுப்பூசி மருந்தோ 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. நள்ளிரவில் வலி கண்டபின் அதைத் தேடி எங்கே ஓடுவது? முன்பே தெரிந்தால் பேறுகாலத்தை மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம். தாயின் ரத்தத்தில் கிருமி அதிகமாக இருந்தால், அதைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் தொடங்கலாம்.

சோதனைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அட்டையில் விட்டுக் கால் மணி நேரம் பொறுத்தால், ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

இரண்டு கோடு வந்த மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகள் உண்டு. அதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. சேர்ந்து உண்பதால் இது பரவாது, அம்மா! ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். அவளுக்கு இந்தக் கிருமி அவளுடைய அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம்; இதில் அவள் குற்றம் என்ன?

கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் உடனே சோதனை செய்யுங்கள். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். பிள்ளை பிறந்ததும் தாயை மறந்துவிடுகிறோம். அவளுடைய கல்லீரலையும் மருத்துவர் சொல்லும் தவணையில் தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.