நான்காவது பெஞ்சில் நின்ற சமாதானம்

(தருமபுரியில், அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வார மாலைக் கூட்டத்தில் பேசியது)

அன்பான ஆயர் அவர்களே, சபையின் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம்.

ஆயர் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு எழுந்து நின்று பேசுவது புதிதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என் கதை தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதுதான் தயக்கம்.

அப்பமும் இரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனையில் நாம் சமாதானம் கொடுக்கிறோமே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆயர் பீடத்தருகே நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் முன்வரிசைக்குக் கொண்டு வருவார். வலது உள்ளங்கையில் வலது உள்ளங்கை, மேலே இடது கை மூட வேண்டும். அப்படியே கைக்குக் கை கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் விடுகிற மாதிரிதான். நடுவில் ஒருவன் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டால் கடைசி வயல் காய்ந்து கிடக்கும்.

நம் சபையில் அதை மூன்று வருஷம் நான்காவது பெஞ்சில் அடைத்து வைத்திருந்தவன் நான்.

இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1919இல் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா அதில் முக்கியமானவர். ஒரே கிறிஸ்துவைச் சொல்லிக்கொண்டு ஊருக்கு ஊர் தனித்தனி வேலி போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, ஒன்றாகலாம் என்றார்கள். சொல்வது சுலபம். ஆங்கிலிக்கன் சபைக்குப் பேராயர் இல்லாமல் முடியாது. நம் சேலம், தருமபுரிப் பக்கம் ஊழியம் செய்த லண்டன் மிஷன்காரர்களுக்கோ பேராயர் என்ற பேச்சே ஆகாது. யாருடைய ஆயர் அபிஷேகம் செல்லும், யாருடையது செல்லாது என்று பேசிப் பேசியே 28 வருஷம் ஓடிவிட்டது. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி கண்ணை மூடிவிட்டார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இவர்கள் ஒன்றாகி, நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அப்புறம் 1950இல் புது ஆராதனை முறை வந்தபோது, கேரளத்துச் சிரியன் சபையில் இருந்த இந்தக் கை கொடுக்கிற வழக்கத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். 28 வருஷம் மல்லுக்கட்டிச் சேர்ந்தவர்கள் வைத்த வழக்கம் அது. அதைத்தான் நான் ஒரு சிமெண்டு பில்லுக்காக நிறுத்தி வைத்தேன்.

கொரோனா வந்தபோது கை கொடுக்காதீர்கள், தூரத்திலிருந்தே கும்பிடுங்கள் என்றார்கள். நியாயம்தான். கொரோனா போய்விட்டது, கும்பிடு மட்டும் போகவில்லை. கும்பிடுவதில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள்: பொதுவாக ஒரு பக்கம் திரும்பிக் கும்பிட்டால் யாரைக் கும்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்தினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயில் சுற்றுச்சுவர் கட்டியபோது கமிட்டிச் செயலாளர் நான். கணக்கு வாசித்த அன்று ஓர் அண்ணன் எழுந்து, “சிமெண்டு இருபது மூட்டை கூடுதலா இருக்கற மாதிரி தெரியுதே வாத்தியாரே” என்றார். அவ்வளவுதான் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். என் காதில் விழுந்தது திருடன் என்று. நான் சபை முன்னால், “அஞ்சாவதே தாண்டாதவருக்கு எஸ்டிமேட்டு பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மூன்று வருஷம் பேச்சில்லை.

போன வருஷ அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்ததை ஏலம் விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சேவல். அவர் ஒரு விலை சொன்னார், நான் ஏற்றினேன், அவர் ஏற்றினார், நானும் விடவில்லை. ஆட்டுக்குட்டி விலைக்கு அந்தச் சேவலை எடுத்தேன். பொருளாளருக்கு ஒரே சந்தோஷம், ஏலம் அமோகம் என்றார். வீட்டில் குழம்பு வைத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

சரி, இது கோயிலுக்குள்ளேயே நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நான் உள்ளே போக, அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். கடைக்காரர் நம் சபைக்காரர் இல்லை, முருக பக்தர். “சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தானே போறீங்க?” என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை கொடுத்து அவருக்கு நான் சொன்ன சுவிசேஷம் எல்லாம் அந்தக் கேள்வியில் போய்விட்டது.

மத்தேயு ஐந்தாம் அதிகாரம் 23, 24 வசனங்கள் நமக்கு மனப்பாடம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா. ஆனால் அதில் ஒரு சொல்லை நான் நாற்பது வருஷமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்கிறார். நானோ மூன்று வருஷமும் குறைபட்டவன் நான்தான் என்று உட்கார்ந்திருந்தேன், அவர் வந்து கேட்கட்டும் என்று.

இன்னொன்று. இதைக் கேட்டவர்கள் கலிலேயா நாட்டுக்காரர்கள். பலிபீடம் இருப்பது எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கும் மேலே. இங்கிருந்து கிருஷ்ணகிரியும் தாண்டி, ஓசூரும் தாண்டி நடக்கிற தூரம். மூன்று நாலு நாள் நடந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவனை, அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப ஊருக்கு நட என்கிறார். எனக்கு அவர் வீடு இரண்டு கிலோமீட்டர்.

இதைவிடப் பெரிய அடைப்புகளும் சபைகளில் உண்டு. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் எந்தத் தெரு என்று கேட்கிறோம். அதைப் பேச இன்னொரு மாலை வேண்டும். ஆயர் கொடுத்தால் பேசுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பென்ஷன் தாள் ஒன்றைத் தேடினேன். பழைய பில் கட்டு கையில் வந்தது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இருபது மூட்டை சிமெண்டைக் கடனுக்கு இறக்கிய அன்று ஒருமுறை எழுதியிருக்கிறேன். பணம் கொடுத்த அன்று இன்னொரு முறை எழுதியிருக்கிறேன். கூலிக்கு என் பணத்தையும் போட்டுப் புரட்டியதால், கடைசியில் மிஞ்சியதெல்லாம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். அஞ்சாவது தாண்டாதவர் கணக்கு சரி. வாத்தியார் கணக்கு தப்பு. போன மாதம் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து அந்தப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது இங்கேதான் இருக்கிறார், அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார். “அண்ணே, நீங்க சொன்ன இருபது மூட்டை சரிதான். நான் சொன்னதுதான் தப்பு” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முறத்தைத் தட்டிவிட்டு, “சாக்கைப் பிடி” என்றார். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன், அவர் அள்ளி அள்ளிப் போட்டார். கண்ணில் தூசி விழுந்ததாக இருவருமே சொல்லிக்கொண்டோம். மூட்டையைத் தைத்தபோதுதான் சொன்னார், “இது அறுப்பின் பண்டிகைக்கு” என்று.

அடுத்த ஞாயிறு அந்த மூட்டை ஏலத்துக்கு வரும். அதை நான்தான் எடுக்கப் போகிறேன், தயவுசெய்து யாரும் ஏற்றிவிடாதீர்கள்.