கைப்பம்புகள் இருக்கின்றன, கண்மாய் எங்கே?

வணக்கம், நேயர்களே. தமிழ் விக்கிப்பீடியாவில் முதன்முதலாக எழுத வரும் மாணவர்களைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். பயிலரங்குகளில் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

கணக்குத் தொடங்கியதும் மாணவர்கள் முதலில் தேடுவது சொந்த ஊரை. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அதற்கு அப்புறம்தான். தேடினால் பெரும்பாலும் பக்கம் இருக்கும். அரசு வெளியிட்ட தரவுகளை வைத்து, தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தானியங்கி நிரல் வழியாக உருவாக்கியிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று அதில் இருக்கும். கைப்பம்புகள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், பள்ளிக் கட்டடங்கள், சந்தைகள், சுடுகாடுகள் என்று எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. குளங்களும் ஊரணிகளும் எத்தனை என்றுகூட இருக்கும். அவற்றில் ஒன்றின் பெயராவது இருக்குமா என்றால், இருக்காது.

பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கிறது. பக்கத்தைத் திருத்த உதவும் ‘தொகு’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். “இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊர் வந்தாரை வாழவைக்கும் ஊர். இங்கு எழுந்தருளியிருக்கும் அம்மன் மிகவும் சக்தி வாய்ந்தவள்.” பத்தாம் வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடிய வரிகள்தாம். சிறிது நேரம் கழித்துப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரிகளைக் காணோம். வேறொரு பயனர் பழைய நிலைக்கு மீளமைத்திருப்பார்.

பாதிப் பேர் இந்த இடத்திலேயே கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகாதவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தின் ‘வரலாறு’. எழுதியது எதுவும் அழிந்துவிடவில்லை. யார், எந்த நிமிடத்தில், எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பதெல்லாம் அங்கே கிடக்கிறது. நீக்கியவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்தான். அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய்க் கேட்கலாம். கேட்டு முடித்ததும் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் கையொப்பம் தானே விழும். புதியவர்கள் எல்லாருமே அதை மறக்கிறார்கள். அதற்காக யாரும் கோபிப்பதில்லை. பொதுவாகப் பேச ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பக்கம் இருக்கிறது. உதவி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’. எழுதிப் பழக ‘மணல்தொட்டி’. அங்கே என்ன எழுதினாலும் கட்டுரைக்குச் சேதமில்லை.

சரி, அந்த வரிகளை ஏன் நீக்கினார்கள்? பொய் என்பதாலா? இல்லை. அவற்றுக்குச் சான்று இல்லை என்பதால். அச்சில் வந்த கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. துறை அறிந்தவர்களைக் கேட்டு எழுதி வாங்கிய நூல் அது. எழுதியவரின் புலமையை நம்பி நாம் அதைப் படிக்கிறோம். விக்கிப்பீடியாவில் எழுதுவது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம், பன்னிரண்டு வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். ஆளை நம்ப வழியில்லாத இடத்தில் சான்றைத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை, ‘எங்கே இருக்கிறது’ என்று கேட்கிறார்கள்.

எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கும்போதுதான் பிள்ளைகள் மாறுகிறார்கள். மதுரைப் பக்கத்து மாணவி என்றால், மதுரையைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவற்றை, அதாவது 1868-இல் நெல்சன் வெளியிட்ட கையேட்டையும் 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த கெசட்டியர் என்னும் மாவட்ட விவர நூலையும் புரட்டச் சொல்வேன். கோயிலில் கல்வெட்டு இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அது அச்சாகியிருக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இலங்கை ஊர்கள் என்றால், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ திட்டத்தில் மலர்களும் இதழ்களும் குவிந்திருக்கின்றன. அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஏரிக்கு விட்ட நிலம் என்று ஒரே ஒரு வரி கிடைத்தாலும் போதும். அதை மேற்கோளோடு சேர்த்தால் நிற்கும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அச்சு போகாத ஊர்களுக்கு இந்த விதி அநியாயம் செய்கிறது. கண்மாயின் எந்த மடை எந்தத் தெருவாருடையது என்பது பாட்டிக்குத் தெரியும். பாட்டி சொன்னால் செல்லாது. அதையே ஓர் ஆய்வாளர் பதிவுசெய்து பட்டம் வாங்கியிருந்தால் செல்லும்! எனக்கு இதில் எரிச்சல் உண்டு, என்றாலும் விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். தளர்த்தினால் ஊருக்கு ஊர் சாதிப் பெருமைதான் கரைபுரளும். ஊர்ப்பெயர்களையும் நாட்டார் தெய்வங்களையும் பற்றி நம் தமிழ்த்துறைகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் கிடக்கின்றன. அவற்றை எடுத்தாளுங்கள். அதிலும் இல்லையென்றால், பாட்டி சொன்னதை நீங்களே முறையாகப் பதிவுசெய்து ஓர் ஆய்விதழுக்கு முதலில் அனுப்புங்கள்.

இன்னொரு தொல்லை, அவசரத் திருத்தம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாரம் சுமந்தவர் இலங்கையைச் சேர்ந்த, அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். ஆகவே அங்கே ஈழ வழக்கும் முதல் நாளிலிருந்தே உரிமையோடு இருக்கிறது. ‘ரொறன்ரோ’ என்று கண்டதும் பிழையென்று பாய்ந்து ‘டொராண்டோ’ ஆக்க வேண்டாம், தம்பி.

கடைசியாக, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைக்கு ஐந்து கட்டுரை என்று ஒப்படைப்புக் கொடுக்காதீர்கள். ஏறத்தாழ 2009-இல் கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள்வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்து ஏற்றியது. எண்ணிக்கை ஏறியது, தமிழ்தான் தடுமாறியது. அதைச் செப்பனிடும் வேலை விக்கிப்பீடியர்கள் தலையில் விழுந்தது. 2010-இல் போலந்தில் நடந்த, உலக விக்கிப்பீடியர்கள் கூடும் விக்கிமேனியா மாநாட்டில் அந்தக் குறைகளைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் எடுத்துரைத்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் கட்டுரை தருகிறது. இல்லாத நூலுக்குப் பக்க எண்ணும் போட்டுத் தருகிறது. கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போட்டால் மாணவர்கள் அதைத்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பத்தி கேளுங்கள். அதற்கு இரண்டு சான்றுகள் கேளுங்கள். அந்த இரண்டு நூல்களையும் மாணவர் கையில் எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டட்டும்.