எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம்?

(ஹட்டனில் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டில், ஒரு மாசி மாதத்து இரவு தீப்பிடித்தது. பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஒரே கூரை. நடுக் காம்பராவில் பிடித்த நெருப்பு கூரைக் கட்டைகள் வழியே இரண்டு பக்கமும் ஓடியது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். சாமான் ஒன்றும் தப்பவில்லை. விடிந்து பார்த்தால், முன் திண்ணையான இஸ்தோப்பில் விழுந்த தகரத்துக்குக் கீழே ஒரு அரிசிப் பானை. உள்ளே இருந்த அரிசி அப்படியே கரி. ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை ஒன்று சாம்பலைக் கிளறி அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தது. லயத்துக்குக் கீழே பாதையில் இருக்கிற ஒடுக்கமான மதகைத் தாண்ட வண்டியால் முடியவில்லை. வந்த பையன்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் அவர்கள் மேலே வந்து சேரும்போது கூரை விழுந்துவிட்டது.

பிறகு விசாரணை வைத்தார்கள். அங்கேதான் நாம் தோற்றோம். “எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள்?” என்று கேட்டார் அதிகாரி. ஒருவர் பத்தரை என்றார். இன்னொருவர் பதினொன்றுக்கு மேல் இருக்கும் என்றார். என் மாமா, “நெருப்புப் பிடிச்ச உடனே கூப்பிட்டோமுங்க” என்றார். அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில் ஒரு நேரம் இருந்தது. நம்மிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. போனை எடுத்தவருக்குத் தமிழ் விளங்காதது, நாம் சொன்ன தோட்டத்துப் பெயர் அவர்களுடைய வரைபடத்தில் வேறு பெயராக இருந்தது, இது எங்கள் எல்லைக்குள் வருமா என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது எல்லாம் நடந்தது. எதையும் காட்ட முடியவில்லை. கோப்பை மூடிவிட்டார்கள்.

இன்றைக்கு உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். நேரத்தை எழுதி வையுங்கள்.

எழுதி வைத்த நேரம் என்ன செய்யும் என்பதற்கு லண்டனைச் சொல்கிறேன். 2017 ஜூன் 14ஆம் திகதி அங்கே கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். முதல் அழைப்பு நள்ளிரவு தாண்டி 12.54க்கு. “வீட்டுக்குள்ளேயே இருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஆலோசனையைத் தீயணைப்புப் படை கைவிட்டது 2.47க்கு. 2019இல் வெளிவந்த பகிரங்க விசாரணையின் முதல் அறிக்கை, 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னது. பெரிய படை, பெரிய நகரம். ஆனாலும் நிமிடக் கணக்கில் கேள்வி கேட்க முடிந்தது. காரணம், ஒவ்வொரு அழைப்பும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அந்தக் கட்டடத்து ஆட்களின் குழுவொன்று தீ ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரித்தும் இருந்தது.

எச்சரிக்கை என்றதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். கொஸ்லாந்தை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29, காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் யார் மேசைக்குப் போனது, மேசையிலிருந்து எங்கே போனது, லயத்து வாசலுக்கு ஏன் மாற்றுக் காணியாக வரவில்லை? மண்ணுக்குக் கீழே போனவர்களுக்காக இந்தக் கேள்வியை நாம் விடவே கூடாது. மண்சரிவுக்கு, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவை எட்டிய நேரம் ஒன்று, நமக்குத் தமிழில் தகவல் வந்த நேரம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்குக் கூப்பிட்டால் வருகிற அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகுதான் நம் மலைக்கு வந்தது. காசு கேட்காத சேவை. தோட்ட லொறியில் பிள்ளைத்தாச்சியை ஏற்றிப்போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த வண்டி சரியான வாசலில் நிற்க வேண்டுமென்றால் நமக்கு விலாசம் வேண்டும். காம்பராக்களுக்குத் தனி இலக்கம் கிடையாது. ஒரே தோட்டத்துக்கு நாம் ஒரு பெயர், வரைபடம் ஒரு பெயர். ஆகவே ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் தோட்டத்தின் இரண்டு பெயரையும், டிவிஷனையும், லயத்து நம்பரையும் பெயின்ட்டில் எழுதுங்கள். பதறிப்போய்க் கூப்பிடுகிற பிள்ளை அதைப் பார்த்து வாசிக்கட்டும்.

லயத்துக்கு ஒரு கொப்பி போதும். கூப்பிட்ட நேரம், கூப்பிட்டது தீயணைப்பு 110ஆ, பொலிஸ் 119ஆ, அம்புலன்ஸ் 1990ஆ, போனை எடுத்தவர் எந்த மொழியில் பேசினார், வண்டி வந்த நேரம், எந்த இடத்தோடு நின்றது. உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். போனிலேயே அழைப்பு நேரம் கிடக்கும்; அழிவதற்குள் கொப்பியில் ஏற வேண்டும்.

அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. அந்த இரவு அழைப்பு எத்தனை மணிக்குப் பதிவானது, வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, கடமையில் தமிழ் தெரிந்தவர் இருந்தாரா என்று கேளுங்கள். அவர்களுடைய பதிலையும் நம் கொப்பியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இதைப் பகையாக யாரும் எடுக்க வேண்டாம். வண்டி பழுது, ஆள் போதாது என்று அந்தப் பையன்களே சொல்ல முடியாததை இந்தக் கடதாசி சொல்லும்.

வண்டி தாண்ட முடியாத மதகைப் பெரிதாக்குவது பற்றி ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க விடாமல் முப்பது வருசம் தடுத்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். “தோட்டத்துப் பாதை எங்கள் வேலையில்லை” என்று இனி ஒரு சபை சொன்னால், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் லயத்து மதகு இன்னும் அதே அகலம்தான். போன கிழமை டேப் வைத்து அளந்தேன். அளவும் படமும் இந்தக் கோப்பில் இருக்கிறது. அடுத்த மாதச் சபைக் கூட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகிறேன். கூட வருகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள், பெயரை எழுதிக்கொள்கிறேன்.